வாய்க்காலில் நீர் வரும் என்று எழுதிய கிழமை

அடுத்த கிழமை இந்த மேசைக்கு வந்து அமரப்போகும் உங்கள் இருவருக்கும்,

படத்தை எந்த அளவில் வெட்டுவது, தாளை எத்தனை மணிக்கு அச்சகத்துக்கு அனுப்புவது, கைபேசிக் குழுக்களின் பட்டியல் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் பச்சைக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன். அவற்றை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. ஓய்வுபெறுகிறேன் என்று சொல்லிக்கொள்ளும் வயதும் எனக்கில்லை. மூன்று ஆண்டுகள் இந்தக் கதிரையில் இருந்தேன். இப்போது இறுதியாண்டு ஆய்வை முடிக்கப் பல்கலைக்கழக வளாகத்துக்குத் திரும்புகிறேன். இந்த மூன்று ஆண்டுகளில் ஒரு பிழையை மிக முழுமையாகச் செய்திருக்கிறேன். அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

முதலில் இந்த அறையைப் பழகிக்கொள்ளுங்கள். கிழக்கு யன்னலைத் திறந்தால் கூரைகள்தான் தெரியும், கடல் தெரியாது. மின்சாரம் நின்று விசிறி ஓயும்போது மட்டும் அலையின் ஒலி மெல்ல அறைக்குள் வரும். அது எப்போதும் அங்கேதான் இருந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். மேற்கு யன்னலில் வீதிக்கு அப்பால் வயல்வெளியின் பச்சை ஒரு கோடாகக் கிடக்கும். முற்பகல் பதினொரு மணியளவில் இரண்டு யன்னல்களின் ஒளியும் மேசையின் நடுவில் சந்திக்கும். அந்த நேரத்தில் எழுதுவது எல்லாமே அழகாகத் தோன்றும். ஆகவே அந்த நேரத்தில் எழுதியதைப் பிறகொருமுறை வாசியுங்கள்.

நமது பாராளுமன்ற உறுப்பினரின் செய்திமடல் என்று சொன்னால் பெரிதாகக் கேட்கும். இருபுறமும் அச்சிட்ட ஒற்றைத் தாள்தான். திங்கள் முற்பகலில் எழுதி முடித்தால் மாலைக்குள் பள்ளிவாசல் பலகைகளிலும், கோயில் மதிலிலும், தேநீர்க் கடைகளிலும் ஒட்டப்பட்டுவிடும். அதே தாள் கைபேசிகளிலும் போகும். மக்கள் அதை வாசிக்கும் விதத்தை ஒருநாள் போய்ப் பாருங்கள். ஒருவர் உரத்து வாசிப்பார். மற்றவர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தாளைப் பார்க்காமல் வீதியைப் பார்த்தபடி கேட்பார்கள். யாருடைய ஒழுங்கைத் தெருவுக்குக் கொங்கிறீட் வந்தது, எந்தப் பாடசாலைக்குக் கூரை வந்தது என்பதில் அவர்கள் காட்டும் கவனத்தை என் வகுப்பறைகளில் நான் கண்டதில்லை.

முதல் மாதத்தில், நாங்கள் சேர் என்று அழைக்கும் எங்கள் உறுப்பினர் கலந்துகொண்ட ஒரு திருமணத்தை நான் செய்தியாக்கிவிட்டேன். மறுநாள் ஒருவர் படியேறி வந்தார். "எங்கட ஊட்டுக் கலியாணத்துக்கும் சேர் வந்தவர்தானே. ரெண்டாம் தரமும் கேட்டு வாங்கிப் புரியாணி திண்டவர். பேப்பருல காணல்லயே?" என்றார். அவருக்குப் பின்னால் படியில் இன்னும் இருவர் நின்றார்கள். அன்றிலிருந்து தாளில் திருமணங்கள் இல்லை. நீங்களும் தொடங்கிவிடாதீர்கள்.

இரண்டாம் ஆண்டில் தாள் நம்பப்படத் தொடங்கியது. அதற்கு என்னைவிட ஹப்ஸா ராத்தாவே காரணம். நற்பிட்டிமுனையில் இருக்கிறார், எனக்கு மூத்த அக்கா போல. நாவிதன்வெளிப் பக்கத்தில், வாய்க்கால் முடியும் இடத்தில், அவருக்கு இரண்டு ஏக்கர் வயல். கணவர் நோயில் விழுந்தபின் அவரே விதைத்து அவரே வெட்டுவிக்கிறார். தாள் வெளியான மறுநாள் அவரிடமிருந்து அழைப்பு வரும்.

"புள்ள, எங்கட ஒழுங்கையில ரெண்டு லைட்டுப் போட்டாச்சு எண்டு எழுதியிருக்காய். ஒண்டுதான் எரியுது."

"மற்றது, ராத்தா?"

"மத்தது நிக்கிது. இருட்டுல நிண்டாலும் லைட்டுதான் எண்டு சொல்றயா?"

அடுத்த கிழமை, ஒரு விளக்கு எரிகிறது, மற்றது எரியவில்லை என்று திருத்தம் போட்டேன். தேநீர்க் கடையில் அதை வாசித்துச் சிரித்தார்களாம். ஆனால் அதன் பிறகு இந்தத் தாளில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லத் தொடங்கினார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

இனி அந்தக் கிழமைக்கு வருகிறேன்.

கோடை நெல் விதைக்கும் சிறுபோகத்தின் தொடக்கம். திங்கட்கிழமை முற்பகல், நான் சொன்ன அந்தப் பதினொரு மணி. தாள் முடிந்துவிட்டது, இரண்டாம் பக்கத்தின் அடியில் மட்டும் ஓர் அங்குலம் வெறுமையாக இருந்தது. அப்போது கொழும்புக்குப் போகும் வழியிலிருந்து சேர் ஒரு குரல்பதிவு அனுப்பினார். வாகனத்தின் இரைச்சலுக்குள் அவருடைய குரல்: "நாவிதன்வெளி வாய்க்காலுக்கு வியாழக்கிழமை தண்ணி விடச் சொல்லியிருக்கன். இன்ஷா அல்லாஹ் வரும். போட்டு விடுங்க."

நான் எழுதினேன்: வியாழக்கிழமை காலை வாய்க்காலில் நீர் வரும்.

எழுதிவிட்டு அந்த வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு நடை இருந்தது. விடியலின் சாம்பல் நிறத்தில், காய்ந்த வாய்க்காலின் தரையில், முதலில் ஓர் ஈரக்கோடாகவும் பிறகு சருகுகளை முன்னால் தள்ளிக்கொண்டும் நீர் வருவது எனக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு சொல் சேர்த்தால் அந்தக் காட்சி கலைந்துவிடும் என்று தோன்றியது. யார் சொன்னார், யாரிடம் சொன்னார் என்பதெல்லாம் அந்த ஓர் அங்குலத்துக்குள் அடங்காத பாரமாகப் பட்டன. அப்படியே அனுப்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நண்பகல் ளுஹர் தொழுகை முடிந்து வீதி அசைவற்றுக் கிடந்த வேளையில் வட்டைவிதானையார் வந்தார். வாய்க்கால் நீரை வயல்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக விவசாயிகள் தெரிவுசெய்யும் மனிதரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். நாவிதன்வெளிக்காரர், தமிழர், அதிகம் பேசாதவர். வாங்கில் அமர்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். முழுவதையும் குடித்துவிட்டுக் குவளையைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, வியாழன் தண்ணி எண்டு போட்டது ஆரு?"

"நான்தான். சேர் சொன்னவர்."

"சேர் கேட்டவர். அது உண்மைதான். நீர்ப்பாசனத்துக்காரங்க ஓம் எண்டு சொல்லல்ல. வாய்க்காலுக்குத் தண்ணி விடுற துருசுக் கதவு கழட்டிக் கிடக்கு. திங்களுக்கு முதல் பூட்ட ஏலா எண்டு பொறியியலாளர் இண்டைக்குக் காலம என்னட்டச் சொன்னவர்."

சேரின் குரல்பதிவை மீண்டும் போட்டுக் கேட்டேன். விடச் சொல்லியிருக்கன். இன்ஷா அல்லாஹ் வரும். சொல்லியிருப்பதையும், இறைவன் நாடினால் என்பதையும் நான்தான் எடுத்துவிட்டிருந்தேன்.

"நாலு நாள் பிந்தினா என்ன நடக்கும்?" என்று கேட்டேன். கடற்கரைத் தெருவில் பிறந்தவள் நான். வயலைப் பற்றி என்னிடம் இருந்தவை சொற்கள் மட்டுமே.

விதானையார் கோபப்படாமல் விளக்கினார். முதல் தண்ணீரில் எல்லோரும் உழுதுபோட்டுவிட்டார்கள். கடைசி உழவுக்கும் மட்டம் பிடிப்பதற்கும் இந்தத் தண்ணீர்தான் வேண்டும். வியாழன் தண்ணீர் வரும் என்றால் செவ்வாய் விடியலில் விதை நெல்லை ஊறப்போட வேண்டும். ஒரு நாள் தண்ணீரில், பிறகு சாக்கில் கட்டி இரண்டு நாள். முளை எட்டிப்பார்க்கும்போது எறிய வேண்டும். பிந்தினால் வேர் நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிரித்தால் ஒடியும்.

"மதகுக்குக் கிட்ட, மதகடிக் கண்டத்து வயல்ல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கிது, அவங்க அவசரப்படல்ல. வாய்க்கால் முடியிற கடைக்கண்டத்துல உன்ட பேப்பரப் பாத்து நாலஞ்சு பேர் நனைச்சிட்டாங்க. மத்தவங்க இண்டைக்குப் பின்னேரம் நனைப்பாங்க."

முஸம்மில் காக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அலுமாரியருகே நின்றார். அலுவலகத்தின் இணைப்பாளர், எங்கள் எல்லோருக்கும் மூத்த அண்ணன் போல. சேர் பிரதேச சபையில் இருந்த காலத்திலிருந்து கூட இருப்பவர். அவரை நீங்கள் சந்திப்பீர்கள். முதலில் பயமாக இருக்கும்.

"சேருக்கு எடு," என்றார்.

எடுத்தேன். பாராளுமன்ற அமர்வு நடந்துகொண்டிருந்தது, கைபேசி அணைக்கப்பட்டிருந்தது. மூன்று முறை முயன்றேன்.

"அப்ப பொறு. சேர்ர வாயால வந்தத நாம இல்லையெண்டு போட ஏலுமா? மத்தக் கட்சிக்காரன் இதுக்குத்தான் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கான்."

"பின்னேரத்துக்குள்ள மற்றவங்களும் நனைச்சிடுவாங்க, காக்கா."

அவர் அலுமாரியில் சாய்ந்துகொண்டார். "சரி, இப்பிடிப் போடு. நீர் விநியோகம் விரைவில் இடம்பெறும், மேலதிக விபரம் அறியத்தரப்படும். அதுல என்ன பொய் இரிக்கி?"

பொய் எதுவும் இல்லை. இந்த வேலையில் உங்களுக்கு அடிக்கடி தரப்படப்போகும் வாக்கியம் அது. கோப்பிலே அதைப் போன்றவை நூறு கிடக்கின்றன. அதை எழுதினால் சேரின் பெயர் தப்பும், என் பெயரும் தப்பும், வாசிப்பவர் நெல்லை நனைப்பதா விடுவதா என்று தெரியாமல் இருப்பார். நான் பேனையை எடுத்தேன், வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதை எழுதத்தான் எடுத்தேன்.

அப்போது கைபேசி ஒலித்தது. ஹப்ஸா ராத்தா.

"புள்ள, வழமையா பிழை சொல்லத்தான் எடுக்கிற. இண்டைக்கு அப்பிடியில்ல. தண்ணி எத்தின மணிக்கு? விடியக்குள்ளயா, வெயில் ஏறினப் பொறகா? உழவு மெசின்காரனுக்குச் சொல்லணும்."

அவருடைய குரலில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் அதுவரை கேட்டதில்லை. பின்னணியில் எங்கேயோ வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"நனைச்சிட்டீங்களா ராத்தா?"

"சுபஹுக்கு எழும்பி முதல் வேல அதுதான்."

முஸம்மில் காக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். விதானையார் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசிறி சுழன்றது. அந்த நேரத்தின் நீளத்தை இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது; நீருக்குள் இருந்தபடி மேலே உள்ளவர்களைப் பார்ப்பதுபோல இருந்தது.

"வியாழக்கிழமை தண்ணி வராது ராத்தா. திங்களுக்கு முதல் வராது. நான் விசாரிக்காம எழுதினது. பிழை என்னில."

வாளியின் ஒலி நின்றது.

"நீ எழுதினதுல இன்ஷா அல்லாஹ் இல்லையே புள்ள," என்றார் மெதுவாக. "மத்த எல்லாத்துலயும் இரிக்கும். இதுல இல்ல. அதான் இது முடிஞ்ச காரியம் எண்டு நினைச்சன்."

மேசையில் கிடந்த தாளைத் திருப்பி அந்த ஓர் அங்குலத்தைப் பார்த்தேன்.

"வேற வித்து நெல்லு இல்ல. போன போகத்துல நானே கதிர் கதிராப் பாத்து எடுத்தது. கடைநெல்லு வாங்கி விதைக்க எனக்கு வழியில்ல எண்டு உனக்குத் தெரியும்தானே. விதானையார் அங்க நிக்காரா? குடு."

கைபேசியை விதானையாரிடம் கொடுத்தேன். அவர் நெடுநேரம் ஓம், ஓம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "மதகடிக் கண்டத்துச் சலீம் மாமாவும் இதே நெல்லுத்தான் போடுறவர். அவர்ர வயல் மட்டம் பிடிக்கத் தண்ணி காணும். உங்கட ஊறின நெல்ல அவர் எறியட்டும். அவர்ர காஞ்ச நெல்ல நீங்க எடுத்துத் திங்கள் தண்ணிக்குக் கணக்காப் பாத்து நனைங்க. மாத்து முந்தியும் செஞ்சிருக்கம்தானே."

கைபேசியிலிருந்து ராத்தாவின் குரல் எனக்கும் கேட்டது. "அவர்ர நெல்லு கலப்பு, விதானையார். என்டது அப்பிடியில்ல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கிறீங்க?"

"சாக்குக்குள்ள வேர் பின்னினா அதுவுமில்ல இதுவுமில்ல, புள்ள."

"சரி. ஆனா அவர்ர வயல்ல கதிர் வெட்டக்குள்ள என்ட வித்துக்கு எடுக்கிற மூலைய நான்தான் காட்டுவன். சலீம் மாமாக்குச் சொல்லுங்க."

நான் தாளை இழுத்து எழுதினேன். வியாழக்கிழமை வாய்க்காலில் நீர் வராது. அப்படி வரும் என்று விசாரிக்காமல் நான் எழுதியது பிழை. திங்கட்கிழமைக்கு முன் நீர் வராது என்று பொறியியலாளர் கூறியதாக வட்டைவிதானையார் தெரிவிக்கிறார். நெல் நனைக்காதவர்கள் நனைக்க வேண்டாம். நனைத்தவர்கள் இன்றே விதானையாரைக் காணுங்கள், மாற்றுக்கு வழியிருக்கிறது.

அந்தத் தாளில் யாருடைய சொந்தப் பெயரும் எழுதியவராக வந்ததில்லை. கீழே என் பெயரை எழுதினேன். எழுத்து அந்நியமாகத் தெரிந்தது.

முஸம்மில் காக்கா வாசித்தார். "சேர்ர பேரு எங்க?"

"இல்ல, காக்கா."

"ஆரு எழுதினது எண்டு கேப்பாங்க."

"அதுக்குத்தான் கீழ போட்டிருக்கன்."

அவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "கைபேசியில பாக்காதவன் எத்தின பேர் வயலுக்க நிக்கான்," என்று முணுமுணுத்துக்கொண்டு சட்டைப் பையில் தொப்பியைத் தேடினார். "இங்க தா. அஸருக்குப் பொறகு பள்ளிவாசல் ஸ்பீக்கரில வாசிக்கச் சொல்றன். எனக்கும் சேத்து வேல தேடி வை, ரெண்டு பேரும் ஒண்டாப் போவம்."

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒலிபெருக்கியில் என் வாக்கியங்கள் ஊர்மேல் போயின. வழக்கமாக இறந்தவரின் ஜனாஸா அறிவிக்கும் குரல்தான் வாசித்தது. ஒலி பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் சற்றுப் பிந்தி வந்ததால், 'நான் எழுதியது பிழை' என்பது முதலில் அருகிலும், பிறகு தூரத்திலும், பிறகு வயல்களின் பக்கத்திலும் கேட்டது. மேற்கு யன்னலருகே நின்று கடைசி வரை கேட்டேன். அவ்வளவு எளிய வாக்கியத்தை அதற்குமுன் நான் எழுதியிருக்கவில்லை.

அந்தி மஃரிபுத் தொழுகைக்குச் சற்று முன் சேர் அழைத்தார். அதற்குள் யாரோ அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள்.

"என்னட்டக் கேட்டிருக்கலாமே."

"மூண்டு தரம் எடுத்தன் சேர்."

"நான் விடச் சொல்லியிருக்கன் எண்டுதானே சொன்னன்?"

"ஓம் சேர். மாத்தினது நான்."

"நீங்க மாத்துவீங்க எண்டு தெரிஞ்சுதான் அப்பிடிச் சொன்னன்போல," என்றார். அது எனக்குச் சொன்னதா தனக்குச் சொன்னதா என்று எனக்குத் தெரியும் முன்பே வைத்துவிட்டார். அதற்குப் பின் இரண்டு கிழமைகள் தகவல்களெல்லாம் முஸம்மில் காக்கா வழியாகவே வந்தன. மூன்றாம் கிழமை மீண்டும் குரல்பதிவு வந்தது. இப்படித் தொடங்கியது: "இது கேட்டது மட்டும்தான், புள்ள. இன்னும் கிடைக்கல்ல." இன்றுவரை அப்படித்தான் தொடங்குகிறார். உங்களுக்கும் அப்படித்தான் அனுப்புவார். சில வேளைகளில் மறந்துவிடுவார், அப்போது கேளுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, ஜும்ஆவுக்கு முன்பாக, முஸம்மில் காக்காவின் வாகனத்தில் மதகடிக் கண்டத்துக்குப் போனேன். பனியும் இல்லை, வெயிலும் இன்னும் ஏறவில்லை. மட்டம் பிடித்த சேறு வானத்தை அப்படியே வைத்திருந்தது. வரம்பில் நடந்தபோது மேகங்களுக்கு ஓரமாக நடப்பதுபோல் இருந்தது. சலீம் மாமா முளைநெல்லைக் கூடையில் ஏந்தி வீசிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வீச்சும் அந்த வானத்தில் விழுந்து சிறு வளையங்களாகி அடங்கியது.

ஹப்ஸா ராத்தா வரம்பில் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு நின்றார். அவருடைய நெல் இன்னொருவரின் கையிலிருந்து இன்னொருவரின் வயலில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்து எறியுங்க மாமா, ஒரே இடத்துல விழுது."

"எனக்கு வயசு அறுபத்தெட்டு. விதைக்க நீ பழக்கிறயா?"

"என்ட நெல்லு எண்டபடியாச் சொல்றன்."

"உன்ட நெல்லு என்ட வயல்ல நல்லாத்தான் முளைக்கும். பயப்படாத."

"முளைக்கும் எண்டுதான் கவல," என்றார் ராத்தா. சலீம் மாமா சிரித்தார். ராத்தா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. சற்றுக் கழித்து, கூடையில் மிஞ்சிய ஒரு பிடி முளைநெல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. உயிருள்ள ஒன்றின் வெப்பம் அது. "பாத்துக்க," என்றார், "நீ வியாழன் தண்ணி எண்டு எழுதினா எங்கட கையில இப்பிடித்தான் இருக்கும்."

எல்லோருடைய நெல்லும் தப்பவில்லை. இரண்டு வீடுகளில் மாற்றுக்கு ஒத்த நெல் கிடைக்கவில்லை. சாக்கைத் திறந்தபோது வேர்கள் பாய்போல் பின்னிக் கிடந்தன. அதையும் அடுத்த கிழமைத் தாளில் எழுதினேன். அந்த இரு வீடுகளுக்கும் வித்து நெல் தேடிக் கொடுக்க முஸம்மில் காக்கா மூன்று நாள் அலைந்தார். தண்ணீர் திங்களன்றும் வரவில்லை, செவ்வாய்க்கிழமைதான் வந்தது. அது வந்துவிட்டது என்று உடனே எழுதவில்லை. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் ராத்தாவை அழைத்து, உங்கள் வயலுக்கு வந்ததா என்று கேட்டேன். "கால் நனைஞ்ச பொறகு சொல்றன்," என்று வைத்துவிட்டார். ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தேன். அழைப்பு வந்தது. "நனைஞ்சிட்டு. எழுது."

அறுவடையின்போது, சொன்னபடியே சலீம் மாமாவின் வயலுக்குப் போய் ஒரு மூலையைக் காட்டி, தன் நெல்லின் வித்தைத் தானே எடுத்துவந்திருக்கிறார். கதிர் கதிராகப் பார்த்துத்தான் எடுத்தாராம். இரண்டு நாள் சுணங்கியதென்று சலீம் மாமா இன்றும் குறைசொல்கிறார்.

இப்போது மீண்டும் சிறுபோகம் தொடங்குகிறது. இன்று முற்பகலில், நீங்கள் வந்ததும் அச்சுக்கு அனுப்ப வேண்டிய அடுத்த கிழமைத் தாளை முடித்தேன். சேரிடமிருந்து தண்ணீர் பற்றிய பதிவு வந்தது. கேட்டது மட்டும்தான் என்கிறார். விதானையார் ஓம் என்கிறார், பொறியியலாளர் ஓம் என்கிறார். ஹப்ஸா ராத்தாவை அழைத்தேன். எடுக்கவில்லை. வயலில் நிற்பார், கைபேசியை வரம்பில் கழற்றிய செருப்புக்குள் வைத்துவிட்டுப் போகிறவர்.

ஆகவே இரண்டாம் பக்கத்தின் அடியில் ஓர் அங்குலத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். இரண்டு யன்னல்களின் ஒளியும் இப்போது அதன்மேல்தான் விழுகிறது. அந்த இடத்துக்கு ஓர் அழகான வாக்கியம் உங்களுக்குத் தோன்றக்கூடும். ஹப்ஸா ராத்தாவின் இலக்கம் மேசைக் கண்ணாடியின் கீழ் இருக்கிறது. அவர் எடுத்தால், தண்ணீரைப் பற்றிச் சொல்வதற்கு முன், நெல் நனைத்துவிட்டாரா என்று கேளுங்கள்.